கல்யாண அழைப்புக் கோப்பு: இலவசப் பதிவிறக்கம்

மே 12, ஞாயிறு

சுபாஷினிக்கு நிச்சயம் ஆகிவிட்டது. ஆவணி 22-இல் கல்யாணம். மாப்பிள்ளை தூத்துக்குடி, துறைமுகத்தில் வேலை, அதிகம் பேசாதவர். மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறிப் போனதும் என் மனைவி வடிவு அழுதாள், சுபா அழுதாள், நான் கணினியைத் திறந்து புதிதாக ஓர் எக்செல் கோப்பு தொடங்கினேன். பெண்ணைப் பெற்றவனுக்கு இந்த நேரத்தில் தொண்டை அடைக்கும் என்பார்கள். எனக்கு எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

மே 13, திங்கள்

கல்லூரிக்கு விடுமுறை. அலுவலகக் கண்காணிப்பாளரான எனக்கு விடுமுறை கிடையாது, ஆனால் வேலையும் கிடையாது. ஆகவே பட்டியல் அங்கேயே முடிந்தது. மொத்தம் 412 வீடுகள். பெயர், விலாசம், உறவு, அழைக்கும் முறை, குறிப்பு. இதில் ‘அழைக்கும் முறை’ என் சொந்தக் கண்டுபிடிப்பு. முறை 1 என்றால் தாம்பாளத்தோடு நேரில். முறை 2, நேரில்தான், ஆனால் தாம்பாளம் இல்லை. முறை 3, போனில் சொல்லிவிட்டுத் தபாலில் அனுப்புவது. முறை 4 வாட்ஸ்அப். எண்ணைப் போட்டவுடன் கட்டம் தானாக நிறம் மாறும். ஒரு பெரிய குடும்பத்தின் மானம் மரியாதை முழுவதையும் நான்கு நிறத்தில் அடக்கிவிட்டேன்.

குறிப்பு என்ற இடத்தில் மனசாட்சிப்படி எழுதினேன். ஆவுடையம்மா சித்தி: ‘முதல் பந்தி வேண்டாம். சமையல்காரரைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்.’ பெரியப்பா மகன் சங்கரபாண்டி: ‘மைக் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.’

88-ஆம் வரி ஆறுமுகநயினார், தென்காசி. வடிவின் அண்ணன், எனக்கு மச்சான், சுபாவுக்குத் தாய்மாமன். முறை 3 போட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன் தென்காசியில் வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தபோது, தங்கை வீட்டுக்காரனான என்னைப் போனில் கூப்பிட்ட மனிதர் அவர். நான் போகவில்லை. வடிவையும் அனுப்பவில்லை. அவர் செய்த முறையைத்தான் அவருக்குச் செய்கிறேன், கூடக் குறைய இல்லை.

மே 19, ஞாயிறு

இவ்வளவு நல்ல கோப்பை நானே வைத்துக்கொண்டிருப்பது சுயநலம் என்று பட்டது. என் வலைப்பூ ‘எல்லாருக்கும் எக்செல்’ ஒன்பது வருடமாக நடக்கிறது. வருகைப் பதிவேடு முதல் தண்ணீர் லாரி முறைப்பட்டியல் வரை ஐம்பத்து நான்கு கோப்புகள், எல்லாம் இலவசம். ஐம்பத்தைந்தாவதாக ‘கல்யாண அழைப்புக் கோப்பு’ இன்று ஏறியது.

எங்கள் வீட்டுப் பெயர்கள் இருக்கும் பக்கத்தை அழித்துப் பார்த்தேன், எல்லாக் கட்டத்திலும் பிழை பிழை என்று வந்தது. அதனால் அழிக்காமல் மறைத்துவைத்தேன். முன்னால் ‘மாதிரி’ என்று காலிப் பக்கம் ஒன்று வைத்தாயிற்று. கவரில் ஒட்டுவதற்கு லேபிளும் தானாக அச்சாகும். பெயர், விலாசம், கீழே பொடி எழுத்தில் முறையும் குறிப்பும். கவரைக் கொண்டுபோகிறவருக்கு யாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிய வேண்டாமா? ஒட்டுமுன் அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட வேண்டும். அதற்காகக் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

பதிவேற்றிக்கொண்டிருந்தபோது கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நின்று கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். பதிவேற்றும் நேரத்தில் யார் வந்தாலும் நான் எழுந்திருப்பதில்லை. வடிவு மின் அடுப்பில் சோறு வைத்தாள்.

மே 20, திங்கள்

பதிவிறக்கம்: 9. இதில் ஆறு, வேலை செய்கிறதா என்று நானே பார்த்தது.

மே 28, செவ்வாய்

பதிவிறக்கம்: 61. முகூர்த்தக் காலம், மக்கள் தேடி வருகிறார்கள். இன்று அலுவலகத்தில் யாரும் கேட்காமலே இந்த எண்ணை மூன்று பேரிடம் சொன்னேன். மூவருமே “அப்படியா சார்” என்றார்கள், ஒரே குரலில்.

ஜூன் 2, ஞாயிறு

கரூரிலிருந்து தங்கவேல் என்பவர் பின்னூட்டம் இட்டிருக்கிறார். மகன் கல்யாணத்துக்கு என் கோப்பைத்தான் பயன்படுத்துகிறாராம். லேபிள் பகுதி பிரமாதமாம், பிரஸ்காரரிடமே கொடுத்துவிட்டாராம், அவர்களே ஒட்டித் தபாலில் சேர்த்துவிடுவார்களாம். அந்தப் பின்னூட்டத்தை வடிவுக்கு வாசித்துக் காட்டினேன். வடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கரூர்க்காரங்களுக்கு எல்லாம் செய்திய. நம்ம வீட்டுக்கு எங்க அண்ணனக் கூப்பிடப் போற நாள் எது?” என்றாள்.

“அதெல்லாம் பட்டியல்ல இருக்கு” என்றேன். இருக்கிறதே, பொய் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மதியம் ஆவுடையம்மா சித்தி போன் செய்தாள்.

“ஏலே குத்தாலம், கரூர்ல நமக்கு யாருடே இருக்கா?”

என் முழுப்பெயர் குற்றாலலிங்கம். சித்திக்கு அவ்வளவு நீளம் ஆகாது.

“யாருமில்லயே சித்தி.”

“பின்ன எவம்லே எனக்குப் பத்திரிக அனுப்பிருக்கான்? தங்கவேல்னு ஒருத்தன், மகனுக்குக் கல்யாணமாம். என் பேரு, வீட்டு நம்பரு எல்லாம் சரியாத்தான் போட்டுருக்கு. கீழ ஏதோ பொடி எழுத்துல இருக்கு. இரு, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்.”

போனில் சித்தி கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது.

“‘முறை ஒண்ணு. முதல் பந்தி வேண்டாம். சமையல்காரரைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்.’ ஏலே, கரூர்க்காரனுக்கு எப்படிலே என்னையத் தெரியும்?”

“தெரியலையே சித்தி” என்றேன். என் வாக்கியம், என் நிறுத்தற்குறிகள். சித்தியின் வாயில் கேட்கும்போது நன்றாகவே இல்லை.

ஜூன் 15, சனி

பதினேழு போன்கள். மறைத்துவைத்த பக்கத்தையும் சேர்த்தல்லவா லேபிள் அச்சாகியிருக்கிறது. ஓரத்தைக் கத்தரிக்க வேண்டும் என்று விளக்கக் குறிப்பில் நான் எழுதவே இல்லை. கோடு போட்டிருந்தேன், கோட்டைப் பார்த்தால் புரியாதா என்று இருந்துவிட்டேன்.

கோபப்படுவார்கள் என்று பார்த்தால், எழுதிய குறிப்புக்கு யாரும் கோபப்படவில்லை. சங்கரபாண்டி சொன்னார்: “மைக்கு கெடச்சா நான் விடமாட்டேம்தான், அது வாஸ்தவம்வே. ஆனா எனக்கு முறை ரெண்டு, மேலத்தெரு மாவடியாபிள்ளைக்கு ஒண்ணா? அவன் எந்த வழியிலவே ஒசத்தி?” எல்லாரும் ஒருவர் கவரை ஒருவர் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவப் படிப்புக்குத் தரவரிசை வந்த மாதிரி விசாரணை.

தங்கவேலும் பேசினார். “ஏனுங்க சார், பத்திரிகை பத்தாமப் போச்சுன்னு மறுபடியும் அச்சடிச்சமுங்க. அப்பறம் பாத்தா பாதி திருநெல்வேலிக்குப் போயிருக்குதுங்க. பரவாயில்லீங்க, உங்க சொந்தமெல்லாம் வந்தாங்கன்னா எங்களுக்கு சந்தோசந்தானுங்க.” அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

கோப்பை வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டேன். எடுக்கும்போது பதிவிறக்கம் 347. என் வாழ்நாள் சாதனை. ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ‘ஐயா, மறைந்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன், மன்னிக்கவும். 88-ஆம் வரியில் இருப்பவர் பெண்ணுக்குத் தாய்மாமன் அல்லவா? தாய்மாமனுக்கு முறை 3 என்பது எங்கள் பக்கம் கிடையாது. எண் மாறிவிட்டதா?’

பதில் போடவில்லை. பின்னூட்டத்தையும் நீக்கினேன்.

ஜூன் 17, திங்கள்

மச்சான் போன் செய்யவில்லை. அவர் மனைவி தன் வீட்டுக்கு வந்த கவரைப் படம் எடுத்து வடிவுக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, படம் மட்டும். வடிவு போனை என் முன்னால் நீட்டினாள்.

‘முறை 3. வராவிட்டாலும் பாதகமில்லை.’

“இது நீங்க எழுதினதா?”

“மாதிரிக்கு எழுதினது…”

“மாதிரிக்கு எங்க அண்ணன் பேருதான் கெடச்சுதா?”

“அவரு மட்டும் நம்மளப் போன்லதான கூப்பிட்டாரு.”

“ஆமா. அத நீங்க சொன்னதுனாலதான் நானும் போகல. கூடப் பெறந்த தங்கச்சிய ஒரு எட்டு நேர்ல வந்து கூப்பிடலயேன்னு எனக்கும் வருத்தம் இருந்துச்சு. ஒம்பது வருசம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டு வாசல் எந்தத் திக்கு பாத்து இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்கயாவது கல்யாண வீட்டுல பாத்தா அண்ணன் ‘நல்லா இருக்கியாம்மா’ன்னு கேப்பாக, நான் ‘ம்’முன்னு சொல்லுவேன். சுபா கல்யாணத்தோட அது தீந்துரும்னு நெனச்சேன். ‘வராவிட்டாலும் பாதகமில்லை’ன்னு எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?”

கை வந்தது எப்படி என்று நான் விளக்கப் போனேன். அதற்குள் அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

உப்புமா. பேச்சு இல்லை.

ஜூன் 19, புதன்

உப்புமா. உப்பும் இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

அலுவலகம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சுபா வேலையிலிருந்து வர ஆறு ஆகும். என் சாவியால் திறந்து உள்ளே போனால் கணினி திறந்தே கிடக்கிறது. வடிவு இந்த ஒன்பது வருடத்தில் அதைத் துடைப்பதற்கு மட்டும்தான் தொட்டிருக்கிறாள்.

கல்யாணப் பட்டியல் திரையில் இருந்தது. 412-க்குக் கீழே புதிதாக ஒரு வரி. எழுத்துப்பிழைகளை நான் திருத்தாமல் இங்கே எழுதுகிறேன்:

‘413. வடிவு. விலாசம்: ஆருமுகநயினார் வீடு, தெங்காசி. உறவு: பொண்ணுக்கு அம்மா. அழைக்கும் முறை: 1. குறிப்பு: நேரில் வந்து கூப்பிட்டால் வருவேன்.’

1 என்று போட்டதும் கட்டம் பச்சை நிறம் ஆகியிருந்தது. கோப்பு சரியாக வேலை செய்கிறது.

ஜூன் 21, வெள்ளி

சுபா நேரடியாகவே கேட்டாள். “எப்பப்பா போறீங்க?”

“போகணும். பஸ் நேரம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“தென்காசிக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் போவுதுப்பா. மாமா மாலை போட்டுக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் நான் மேடை ஏறணும். அவங்க வரலன்னா வேற யாரையாவது மாமான்னு நிறுத்துவீங்களா? அம்மா இல்லாம யாரு பக்கத்துல நீங்க உக்காருவீங்க?”

அவள் போனதும் பாளையங்கோட்டை – தென்காசி பேருந்துகளுக்கு ஒரு கோப்பு போட்டேன். புறப்படும் நேரம், சேரும் நேரம், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும். இரண்டு மணி நேரம் அதில் போய்விட்டது. எந்தப் பேருந்திலும் நான் ஏறவில்லை.

ஜூன் 22, சனி

பத்திரிகைகள் அச்சகத்திலிருந்து வந்து கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அதற்கு அப்புறம்தான் ஊருக்கு. மூன்றாவதிலிருந்து தொடங்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

பால்காய்ப்புக்குக் கூப்பிட மச்சான் நேரில் வந்தார். தாம்பாளத்தோடு வந்தார். அவர் மனைவியும் வந்தார். ஒரு சனிக்கிழமை, வடிவு சுபாவைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தாள். வலைப்பூ தொடங்கிய வாரம் அது. என் முதல் கோப்பு, வருகைப் பதிவேடு, அரைக்கால் வாசி ஏறியிருந்தது. அந்தக் காலத்து இணையம், நடுவில் விட்டால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். “உக்காருங்க மச்சான், ரெண்டே நிமிசம்” என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன். ஏறுகிறதா ஏறுகிறதா என்று பார்த்தபடி இருந்துவிட்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஏறி முடிந்து நான் திரும்பியபோது நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் அவர் போன் செய்தார். “பால்காய்ப்புக்கு வந்துருங்க மாப்ளே, வடிவுகிட்டயும் சொல்லுங்க” என்றார். முந்தின நாளைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். திட்டாததால் எனக்குக் கோபம் வந்தது. வடிவு வந்ததும் “உங்க அண்ணன் போன்ல கூப்பிட்டாரு” என்றேன். அது பொய் இல்லை. ஒன்பது வருடமாக அந்த ஒரு உண்மையை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

அன்று ஏற்றிய வருகைப் பதிவேட்டை இதுவரை பதிவிறக்கியவர்கள் இருபத்து மூன்று பேர்.

ஜூன் 23, ஞாயிறு

காலை ஆறே முக்கால் பேருந்து. வெயில் அடிக்கிற பக்கம்தான் இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம், பூ, சாமிக்கு வைத்தது போக இரண்டு பத்திரிகை. ஆலங்குளம் தாண்டும்வரை என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். மூன்று விதமாகத் தயார் செய்தேன். எதிலுமே நான் நல்லவனாக வந்தேன். அதனால் மூன்றையும் விட்டுவிட்டேன்.

வீட்டு வாசல் கிழக்குப் பார்த்து இருக்கிறது.

மச்சான் ஈரத் துண்டோடு நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்க மாப்ளே, வாங்க. உள்ள வாங்க” என்றார். நேற்றுப் பார்த்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். கூடத்தில் உட்காரவைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வடிவு உள்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் எழுந்து, பையிலிருந்ததை எல்லாம் தாம்பாளத்தில் எடுத்துவைத்தேன். ஒரு வாழைப்பழம் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. யாரும் சிரிக்கவில்லை. நானாவது சிரித்திருக்கலாம்.

தாம்பாளத்தை மச்சானிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“தப்பா நெனைக்காதிய மாப்ளே. ஒத்தையில நின்னு தாம்பாளம் குடுக்கப்பிடாது. ரெண்டு பேரா நின்னுல்லா குடுக்கணும்” என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. முறையைச் சொன்னார்.

அப்படியானால் முதலில் 413-ஆம் வரி. நான் வடிவு பக்கம் திரும்பினேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவளை நான் எதற்கும் அழைத்ததில்லை, கூட வருவாள் என்பது என் கணக்கு. “வடிவு, நம்ம சுபாவுக்குக் கல்யாணம்” என்று தொடங்கிவிட்டேன், அதற்கு மேல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அழைத்துவிட்டால் வந்துவிடுவாள் என்று தெரிந்தது. அது தெரிந்ததும், உண்மையைச் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க அண்ணன் அன்னிக்கு நேர்ல வந்தாரு” என்றேன். “மதினியும் வந்தாங்க. தாம்பாளத்தோட வந்தாங்க. நான் கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்கல. திரும்பிக்கூடப் பாக்கல. முக்கால் மணி நேரம் உக்காந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க. உன்கிட்ட நான் போனை மட்டும் சொன்னேன்.”

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அத என்னத்துக்கு மாப்ளே இப்பம்” என்றார்.

வடிவு என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

“நீ வந்தியாண்ணே?”

“ம்.”

“ஒம்பது வருசமா ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?”

“நான் சொன்னா ஒனக்கும் அவருக்கும் சண்டையாகும். அவராச் சொல்லுவாருன்னு இருந்தேம்மா.”

வடிவு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மச்சானின் மனைவி அவள் பின்னால் போனார். நான் தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றேன். கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மச்சானும் உட்காரவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. இனி அவள் வரமாட்டாள், தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான், சுபாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. இந்த வயதில் இப்படிப் பயந்ததில்லை.

வடிவு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. என் முன்னால் வந்து நின்று, தாம்பாளத்திலிருந்த இரண்டு பத்திரிகையில் ஒன்றை எடுத்து, பிரித்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எனக்குச் சொல்லியாச்சு” என்றாள். “ஆனா இது இதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதிய. வீட்டுக்கு வந்து பேசிக்கிடுதேன்.”

பிறகு சுற்றி வந்து என் வலது பக்கம் நின்று, தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அண்ணனும் மதினியும் எதிரில் சேர்ந்து நின்றார்கள்.

“இப்பம் கூப்பிடுங்க” என்றாள்.

“மச்சான், சுபாவுக்கு ஆவணி இருவத்திரெண்டுல கல்யாணம். நீங்க குடும்பத்தோட முன்கூட்டியே வந்து…” அதற்குமேல் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மிச்சத்தை வடிவு சொன்னாள்.